கடல் கடக்கும் ஆவணம்

சரக்கை ஏற்றியதும் கப்பல் நிறுவனம் வழங்கும் கைமாற்றத்தக்க இரசீது வெறும் இரசீதன்று. சரக்கின் உரிமையே அதனுள் அடங்கியுள்ளது. மூலத்தாளை ஒப்படைப்பவருக்கே சரக்கு கிடைக்கும். வங்கிகள் வழியே செல்லும் அத்தாள் கப்பலுக்குப் பின்தங்கினால், சரக்கு துறைமுகத்தில் காத்துக்கிடக்கும். மின்னஞ்சலில் அனுப்பிவிடலாமே எனத் தோன்றலாம். ஆனால், மின்கோப்பை எத்தனை படிகளும் எடுக்கலாம், உரிமையாளரோ ஒருவரே.

இச்சிக்கலுக்கு விடை தேடியவற்றுள் ஒன்று, டென்மார்க்கின் மெர்ஸ்க் நிறுவனம் ஐ.பி.எம். நிறுவனத்துடன் சேர்ந்து 2018இல் அறிவித்த ‘டிரேட்லென்ஸ்’ தளம். ஒருவர் மட்டும் தனித்துத் திருத்த இயலாத பிளாக்செயின் பதிவேடே அதன் அடித்தளம். போட்டி நிறுவனங்கள் சிலவும் இணைந்தன. எனினும், தொழில்நுட்பம் அமைந்த அளவுக்கு உலகளாவிய ஒத்துழைப்பு அமையவில்லை. 2022இல் அதன் மூடல் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டில் பிரிட்டன் இயற்றிய சட்டம், ஒரு நேரத்தில் ஒருவர் கட்டுப்பாட்டில் மட்டுமே இருக்கத்தக்க மின் ஆவணத்துக்குத் தாளுக்குரிய தகுதியை அளித்தது.