விளையாட்டுப் பாடவேளையில் நீட்சிப் பயிற்சி: எதை, எப்போது?

உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளிகளில் விளையாட்டுப் பாடவேளை வகுப்பாசிரியரின் பொறுப்பாகிறது. நான் பணியாற்றும் ஜெகதளா பகுதியில் டிசம்பர், ஜனவரி காலைகளில் மாணவர்கள் குளிரில் விறைத்தபடிதான் மைதானத்துக்கு வருகிறார்கள். வந்ததும் ‘குனிந்து கால்விரலைத் தொடு’ என்கிறோம், பிறகு ஓடவிடுகிறோம். இந்த வரிசையை மாற்ற வேண்டும். நீட்சிப் பயிற்சியின் ஒவ்வொரு வகைக்கும் உரிய நேரம் உண்டு.

1. இயங்குநிலை நீட்சி: விளையாட்டுக்கு முன்

முதலில் 5 நிமிடம் வேகநடை, மெல்லோட்டம். உடல் சூடேறியதும் கால் வீசுதல், முழங்காலை உயர்த்தி நடத்தல், கைகளைச் சுழற்றுதல் ஆகியவற்றை 10 முறை செய்யலாம். இவை ஓட்டத்திலும் ஆட்டத்திலும் வரும் அசைவுகளுக்கே உடலைத் தயார் செய்கின்றன.

2. நிலையான நீட்சி: விளையாட்டுக்குப் பின்

ஒரே நிலையில் 10 முதல் 30 விநாடி நிற்க வேண்டும். 2 அல்லது 3 முறை போதும். மூச்சை அடக்கக் கூடாது. இழுப்பு தெரியலாம், வலி கூடாது. மேடேறி இறங்கும் எங்கள் மாணவர்களுக்குக் கெண்டைக்கால் நீட்சி ஏற்றது: சுவரில் கைகளை ஊன்றி, பின்காலின் குதிகால் தரையில் பதிய நிற்க வேண்டும்.

ஒரு தசையை 60 விநாடிக்கு மேல் நீட்டிப் பிடித்தால், அடுத்த சில நிமிடங்களுக்கு அதன் விசை சற்றுக் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே 50 மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல் ஆகியவற்றுக்கு முன் இது வேண்டாம்.

3. தவிர்க்க வேண்டியவை

உந்தி உந்திக் குனியும் துள்ளல் நீட்சியில், திடீரென இழுபடும் தசை தன்னைக் காக்கச் சுருங்குகிறது; காயம் நேரலாம். தசையை இறுக்கித் தளர்த்தும் ‘பி.என்.எஃப்.’ முறை, 1940களில் ஹெர்மன் கபாட் என்ற அமெரிக்க மருத்துவர் நோயாளிகளுக்காக உருவாக்கியது. அதைப் பயிற்சி பெற்றவரே நடத்த வேண்டும்.

4. அளவிடும்போது

கேலோ இந்தியா உடற்தகுதி மதிப்பீட்டில், உட்கார்ந்து முன்னோக்கி எட்டும் சோதனை உள்ளது. மாணவரின் இன்றைய அளவை அவரது பழைய அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள். உயரம் வேகமாகக் கூடும் வயதில் உடல் சற்று விறைப்பது இயல்பு. விரல் எட்டாததற்குக் கேலி செய்யப்படும் மாணவர், அடுத்த வாரம் ‘வயிற்றுவலி’ என்று வகுப்பிலேயே தங்கிவிடுகிறார். நாம் இழக்கக் கூடாதவர் அவர்தான்.

5. 40 நிமிடப் பாடவேளைக்கு

• மெல்லோட்டமும் இயங்குநிலை நீட்சியும்: 10 நிமிடம்
• விளையாட்டு: 23 நிமிடம்
• நிலையான நீட்சி: 7 நிமிடம்

கருவி எதுவும் தேவையில்லை. நேரம் குறைந்தால் விளையாட்டைச் சுருக்கலாம். தொடக்கத்துச் சூடேற்றலைச் சுருக்க வேண்டாம்.