கொழுப்பில் ஒளிந்திருக்கும் குருத்து

நுழையும்முன்

தேய்ந்த உறுப்பை உடலே மீண்டும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவ உலகின் நெடுநாள் கனவு. அக்கனவுக்குக் குருத்தணு ஆய்வு புதிய வலிமை தந்திருக்கிறது. வேண்டாதது எனப் பலரும் ஒதுக்கும் உடற்கொழுப்பிலும் குருத்தணுக்கள் உறைகின்றன. அவை தரும் நம்பிக்கை எத்தகையது, அந்நம்பிக்கை மருந்தாக மாறுவதற்குக் கடக்க வேண்டிய தொலைவு எவ்வளவு என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பனை கற்பிக்கும் பாடம்

சாயல்குடி முதல் இராமேசுவரம் வரை நீளும் கடற்கரையில் பனைமரங்கள் வானளாவி நிற்கின்றன. ஓலை வெட்டும் பனையேறி ஒருபோதும் குருத்தில் அரிவாளை வைப்பதில்லை. முதிர்ந்த ஓலைகளை எத்தனை முறை கழித்தாலும் மரம் மீண்டும் ஓலை விடும். உச்சியிலுள்ள ஒரே குருத்து அழுகிவிட்டாலோ மரமே பட்டுப்போகும். புதிய ஓலையும் பாளையும் அக்குருத்திலிருந்தே பிறக்கின்றன என்பதைத் தாவரவியல் கற்காமலே பனையேறி அறிந்திருக்கிறார்.

மனித உடலிலும் இத்தகைய குருத்துகள் உண்டு. அவற்றையே அறிவியலார் குருத்தணுக்கள் என்கின்றனர். 'ஸ்டெம் செல்' என மருத்துவமனைகளில் வழங்கப்பெறுவதும் இதுவே. தன்னைப்போன்ற அணுக்களைப் பெருக்கிக்கொள்வதும், தேவைக்கேற்ப வேறுவகை அணுக்களாக மாறுவதும் குருத்தணுவின் இரு பண்புகள். தோல் உரிந்து புதுத்தோல் வளர்வதும், எலும்பு மச்சையில் நாள்தோறும் புதிய இரத்த அணுக்கள் பிறப்பதும் இவற்றால்தான்.

எனினும், எல்லா உறுப்புகளுக்கும் இப்பேறு சமமாக வாய்க்கவில்லை. மூட்டுகளில் எலும்பின் முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு, பெயரில் குருத்தைத் தாங்கியிருந்தாலும் தளிர்க்கும் ஆற்றலில் மிக வறியது. அதனுள் இரத்தக் குழாய்கள் இல்லை. எனவே, ஒருமுறை தேய்ந்தால் அது பழையபடி வளர்வது அரிது. பனையேறுவோர், கரைவலை இழுப்போர், உப்பளங்களில் குனிந்து உழைப்போர், தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி சேகரிக்கும் பெண்கள் ஆகிய அனைவருக்கும் உடலுழைப்பே முதல். அவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் வெறும் வலியன்று. அடுப்பை அணைக்கும் துன்பம். "குருத்தணுவால் மூட்டைப் புதுப்பிக்கலாம்" என்னும் செய்தி அவர்களுடைய செவிக்கு இனிமையாக ஒலிப்பதில் வியப்பில்லை.

கொழுப்பின் மறுமுகம்

குருத்தணுக்களை முதலில் எலும்பு மச்சையிலேயே தேடினர். ஆனால், எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகியவற்றை உருவாக்கவல்ல குருத்தணுக்கள் மச்சையில் மிகக் குறைவு. ஏறத்தாழப் பத்தாயிரம் அணுக்களில் ஒன்றோ அதற்கும் குறைவாகவோதான் கிடைக்கும். இடுப்பெலும்பைத் துளைத்து மச்சையை எடுப்பதும் எளிதன்று.

2001-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா சுக் முதலான ஆய்வாளர்கள், உறிஞ்சியெடுத்த உடற்கொழுப்பிலும் இத்தகைய குருத்தணுக்கள் இருப்பதை வெளிப்படுத்தினர். ஆய்வுக்கூடத்தில் உரிய சூழலில் வளர்த்தபோது அவை கொழுப்பு, எலும்பு, குருத்தெலும்பு, தசை ஆகியவற்றின் பண்புகளைக் காட்டின.

வயிற்றிலோ தொடையிலோ மரத்துப்போக ஊசியிட்டு, மெல்லிய குழாய்வழியே கொழுப்பை எடுப்பர். அதைக் கழுவி, கொலாஜினேஸ் என்னும் நொதியைச் சேர்ப்பர். அந்நொதி திசுவின் பிணைப்பைக் கரைக்கும். பின்னர் மையவிலக்குக் கருவியிலிட்டுச் சுழற்றினால், எண்ணெய் மிகுந்த கொழுப்பணுக்கள் மேலே மிதக்கும். குருத்தணுக்கள் கலந்த பகுதி அடியில் படியும். மோரைக் கடைந்தால் வெண்ணெய் மேலே திரள்வது போன்றதே இது. ஆனால், இங்கு வேண்டப்படுவது மேலே திரள்வதன்று, அடியில் படிவது. அவ்வாறு கிடைக்கும் குருத்தணுக்கள் ஒரே அளவு மச்சையில் கிடைப்பதைவிடப் பல மடங்கு மிகுதி.

அம்பா பாடுபவரும் வலையிழுப்பவரும்

உடலில் செலுத்தப்பட்ட குருத்தணுக்கள் தேய்ந்த இடத்தில் தங்கி, புதிய திசுவாகவே மாறிவிடும் என்று தொடக்கத்தில் கருதினர். பிந்தைய ஆய்வுகள் வேறொரு செய்தியைச் சொல்கின்றன. செலுத்தப்பட்ட அணுக்களுள் பெரும்பாலானவை நெடுநாள் வாழ்வதில்லை. வாழும் காலத்தில் அவை சில வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவை அழற்சியைத் தணிக்கின்றன. அவ்விடத்து அணுக்களைச் செயல்படத் தூண்டுகின்றன.

கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பா பாடுவார். ஏனையோர் அப்பாட்டின் அடைவுக்கேற்ப ஒருசேர இழுப்பர். பாடுபவர் வலையைத் தொடாவிட்டாலும் அவர் குரலால் வலை கரையேறுகிறது. குருத்தணுவின் பணியும் பெரும்பாலும் அத்தகையதே. ஆயினும், இழுப்பதற்கு ஆளே இல்லாத கரையில் பாட்டு மட்டும் வலையைக் கொண்டுவராது. முற்றிலும் தேய்ந்த மூட்டில் குருத்தணு என்ன செய்யும் என்னும் ஐயம் இங்குதான் எழுகிறது.

தெரியுமா?

மன்னார் வளைகுடாவில் கட்டக்கோரை, பக்கோடாப் பாசி எனப்படும் பழுப்பு நிறக் கடற்பாசிகள் வளர்கின்றன. அவற்றிலிருந்து ஆல்ஜினேட் என்னும் பொருளைப் பிரிக்கலாம். ஆல்ஜினேட் கரைசலைக் கால்சியம் கலந்த நீரில் சொட்டினால், அது மணிமணியாக உறைந்து களியாகும். இக்களிமணிகளுக்குள் குருத்தெலும்பு அணுக்களையும் குருத்தணுக்களையும் வைத்து ஆய்வுக்கூடங்களில் வளர்க்கின்றனர்.

கண்ணுக்குத் தெரியும் பயனும் தெரியாப் பயனும்

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், ஏவுகணைக்கு உருவாக்கிய எடை குறைந்த பொருளைக் கொண்டு, நடக்க இயலாத குழந்தைகளுக்குக் காலணைக் கருவி செய்ய வழிகாட்டினார். 3 கிலோகிராம் எடையிருந்த கருவியின் இடத்தில் 300 கிராம் கருவி வந்தது. அதை அணிந்த குழந்தை எளிதாக நடப்பதைப் பெற்றோர் தம் கண்ணாலேயே கண்டனர். அங்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

குருத்தணுவின் பயன் அவ்வாறு கண்ணுக்குப் புலப்படாது. மூட்டுவலி ஒரு பருவத்தில் மிகும். மறு பருவத்தில் தானே தணியும். ஊசி போட்டுக்கொண்டோம் என்னும் நம்பிக்கையே சிலருக்கு வலியைக் குறைக்கும். ஆகவே, "ஊசிக்குப்பின் வலி குறைந்தது" என்பதனால் மட்டும் "ஊசியால் குறைந்தது" என்று முடிவு செய்ய இயலாது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்குக் குருத்தணுவும் மற்றொரு பிரிவினருக்கு வேறு மருந்தும் தந்து ஒப்பிடுவதே நேரிய வழி.

அவ்வாறான ஆய்வொன்று அமெரிக்காவில் நடைபெற்று 2023-இல் வெளியாயிற்று. முழங்கால் தேய்மானம் உடைய 475 பேர் அதில் ஒப்பிடப்பட்டனர். எலும்பு மச்சை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து பெற்ற அணுக்கள் வெவ்வேறு பிரிவினருக்குச் செலுத்தப்பட்டன. மற்றொரு பிரிவினர் வழக்கமான ஸ்டீராய்டு ஊசியைப் பெற்றனர். ஓராண்டுக்குப்பின், அணுச் சிகிச்சைகளுள் எதுவும் ஸ்டீராய்டு ஊசியைவிட வலியைக் கூடுதலாகத் தணித்ததாகத் தெரியவில்லை.

குரோன் என்னும் குடல் நோயால் உண்டாகும் பவுத்திரத்திற்கு, கொடையாளர் கொழுப்பின் குருத்தணுக்களைக் கொண்டு டார்வாட்ஸ்ட்ரோசெல் என்னும் மருந்து உருவாக்கப்பட்டது. 212 பேரிடம் நடத்திய ஆய்வில், மருந்து பெற்றோருள் ஏறத்தாழ 50 விழுக்காட்டினரும் பெறாதோருள் 34 விழுக்காட்டினரும் குணம் கண்டனர். 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் அம்மருந்துக்கு இசைவளித்தது. ஐந்நூறு பேருக்கும் மேற்பட்டோரிடம் மீண்டும் ஆய்ந்தபோது இரு பிரிவினரும் ஏறக்குறையச் சமமாகவே குணமடைந்திருந்தனர். 2024 இறுதியில் ஐரோப்பியச் சந்தையிலிருந்து அம்மருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. இதனை அறிவியலின் தோல்வி எனக் கருதுதல் தகாது. தான் சொன்னதைத் தானே மறுபடியும் சோதித்துத் திருத்திக்கொள்ளும் நேர்மையே அறிவியலின் வலிமை.

தன் அணுவும் தீங்கு செய்யுமோ?

"நம் உடலிலிருந்து எடுத்ததை நம் உடலிலேயே செலுத்தினால் என்ன தீங்கு வரும்?" என்பது பலரும் எழுப்பும் வினா. 2017-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான செய்தி இதற்கு விடை தருகிறது. விழித்திரைத் தேய்வால் பார்வை மங்கிய முதிய பெண்கள் மூவர், தனியார் மருத்துவ நிலையமொன்றில் தலைக்கு 5,000 டாலர் செலுத்தினர். அவர்தம் கொழுப்பிலிருந்து பிரித்த அணுக்கள் இரு கண்களிலும் ஒரே நாளில் செலுத்தப்பட்டன. சில நாள்களிலேயே விழித்திரை விலகல், குருதிக்கசிவு முதலியன நேர்ந்தன. மங்கலாக இருந்த பார்வையையும் அவர்கள் பெரும்பாலும் இழந்தனர். அணு தன்னுடையதாக இருக்கலாம். அது சேர்ந்த இடம் அதற்குரியதன்று.

நம் நாட்டு நெறிமுறை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இதில் தெளிவான எல்லை வகுக்கின்றன. இரத்த நோய்கள் முதலிய சிலவற்றிற்குச் செய்யப்படும் இரத்தக் குருத்தணு மாற்றம் நிலைபெற்ற சிகிச்சையாகும். ஏனையவற்றை ஒப்புதல் பெற்ற ஆய்வுகளாக மட்டுமே நடத்தலாம். ஆய்வுக்கு உட்படும் நோயாளியிடம் அதற்கெனக் கட்டணம் பெறலாகாது. மருத்துவ ஆய்வுகளை அரசின் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அப்பதிவேட்டை யாவரும் இணையத்தில் காணலாம்.

எல்லை வகுத்ததனால் ஆய்வு நின்றுவிடவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் எலும்பு மச்சை மாற்றச் சிகிச்சை நடைபெறுகிறது. குருதி உறையாமையால் இடர்ப்படும் ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐவருக்கு, அவர்தம் இரத்தக் குருத்தணுக்களிலேயே மரபணுவைச் சேர்த்துச் செலுத்தி அங்கு நலம் கண்டனர்; அம்முடிவு 2024-இல் வெளியாயிற்று. உரிய ஒப்புதலும் பொறுமையும் நேர்மையும் சேர்ந்தால் நம் மண்ணிலிருந்தே உலகுக்கு மருந்து பிறக்கும் என்பதற்கு இது சான்று.

கேட்கத் தெரிந்தவரே காக்கப்படுவர்

வலியால் வாடும் ஒருவருக்காகக் குடும்பத்தார் நகையை விற்கவும் படகை அடகு வைக்கவும் துணிவர். அத்துணிவு அன்பின் அடையாளம். அதனை எவரும் வணிகமாக்கிவிடாமல் காப்பது கல்வியின் கடமை. இச்சிகிச்சை நிலைபெற்றதா, ஆய்வு நிலையில் உள்ளதா? ஆய்வெனில் அதன் பதிவு எண் யாது? ஆய்வெனில் ஏன் கட்டணம்? எதனோடு ஒப்பிட்டு, எத்தனை பேரிடம் சோதித்தனர்? இந்நான்கு வினாக்களையும் கேட்கத் தெரிந்த மாணவர் ஒருவர் வீட்டில் இருந்தால், அக்குடும்பத்தின் உடைமையும் உடல்நலமும் ஒருசேரக் காக்கப்படும். 2022-இல் தொடங்கப்பெற்ற இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற பொது நிறுவனங்களின் மருத்துவரிடம் இவ்வினாக்களைக் கொண்டுசெல்வதும் எளிதே.

பனங்கொட்டையை ஊன்றியவர் மறுநாளே பதநீர் தேடுவதில்லை, பல்லாண்டு காத்திருக்கிறார். கொழுப்பில் ஒளிந்திருக்கும் குருத்தும் அவ்வாறே. அதில் உயிர் உண்டு. அது மரமாகும் நாள் வரலாம். அதுவரை குருத்தைக் கருகவிடாமல் காப்பது ஆய்வாளர் கடன். வராத பதநீருக்கு விலை கொடுக்காமல் இருப்பது மக்கள் கடன்.

கற்பவை கற்றபின்

1. குருத்தணுவின் பணியை அம்பா பாடுபவரோடு ஒப்பிட்டிருப்பதன் பொருத்தத்தை விளக்குக.
2. "ஊசிக்குப்பின் வலி குறைந்தது" என்பதும் "ஊசியால் வலி குறைந்தது" என்பதும் எவ்வாறு வேறுபடுகின்றன?
3. நாளிதழில் வெளியான மருத்துவ விளம்பரம் ஒன்றை எடுத்து, பாடத்தில் கூறப்பட்ட நான்கு வினாக்களைக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.