அயலவரின் குரலும் வலயமாக்கல் மேன்முறையீட்டுச் சபையும்

எங்கள் உம்மும்மாவின் அறைக்கு ஒரேயொரு ஜன்னல்தான் உண்டு. காலை வெயில் அதனூடாக நேரே விழும். அந்த வெளிச்சத்தில்தான் அவர் குர்ஆன் ஓதுவார். சென்ற வருடம் பக்கத்து வளவில் மூன்று மாடிக் கட்டடம் எழும்பியது. இப்போது காலை எட்டு மணிக்கும் அந்த அறைக்கு லைட் போட வேண்டியிருக்கிறது. வாப்பா போய்க் கதைத்தபோது, "பிளான் பாஸாகித்தான் கட்டுறேன் நானா" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "பாஸாக்க முந்தி நம்மக்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மகன்" என்று உம்மும்மா சொன்னது என் மனதை விட்டு அகலவில்லை.

உயர்தர அரசறிவியல் பாடத்துக்காக உள்ளூராட்சி பற்றித் தேடிப் படித்தபோது, உம்மும்மாவின் கேள்வியையே சட்டமாக எழுதி வைத்திருக்கும் ஓர் இடத்தைக் கண்டேன். அது ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலம். அங்குள்ள வலயமாக்கல் மேன்முறையீட்டுச் சபை எவ்வாறு இயங்குகிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன்.

வலயமாக்கல் என்றால் என்ன?

ஒரு நகரை வலயங்களாகப் பிரித்து, எங்கே வீடு, எங்கே கடை, எங்கே தொழிற்சாலை, எவ்வளவு உயரம், வீதியிலிருந்து எத்தனை அடி விட்டுக் கட்ட வேண்டும் என்று விதிப்பதே வலயமாக்கல். அமெரிக்காவில் ஒரு நகரம் முழுவதற்குமான வலயமாக்கல் விதிகளை முதன்முதலில் 1916இல் நியூயோர்க் நகரம் கொண்டுவந்தது. அதற்கு முந்திய ஆண்டில் அங்கு கட்டி முடிக்கப்பட்ட எக்விற்றபிள் கட்டடம் சுற்றியிருந்த வீதிகளை நிழலால் மூடியது அதற்கான காரணங்களில் ஒன்று. வெளிச்சம் இழந்தவர்களின் கவலை எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல.

ஆனால் ஒரே விதி எல்லாக் காணிக்கும் பொருந்துவதில்லை. வீதியிலிருந்து இருபது அடி விட வேண்டும் என்பது விதியென வைத்துக்கொள்வோம். முக்கோண வடிவில் ஒடுங்கிய காணி உள்ளவர் அவ்வளவு விட்டால், வீடு கட்ட இடமே மிஞ்சாது. இத்தகையவர் விதிவிலக்குக் கேட்டு வருமிடமே மேன்முறையீட்டுச் சபை. கட்டட அதிகாரியின் முடிவை ஏற்காதவர்களும் இங்கு மேன்முறையீடு செய்யலாம்.

சபையில் இருப்போர் யார்?

மசாசூசெட்ஸ் சட்டப்படி இச்சபையில் மூன்று அல்லது ஐந்து உறுப்பினர்கள் இருப்பர். நகரங்களில் மேயர், நகர மன்றத்தின் ஒப்புதலோடு இவர்களை நியமிப்பார். ஒவ்வோர் ஆண்டும் ஒருவரது பதவிக்காலம் முடியும். ஆகவே முழுச் சபையும் ஒரே நாளில் மாறிவிடுவதில்லை.

அயலவருக்கு எப்படித் தெரியவரும்?

என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். விண்ணப்பம் வந்தால் பகிரங்க விசாரணை நடத்தியே ஆக வேண்டும். அதுபற்றிய அறிவித்தல் அடுத்தடுத்த இரு வாரங்கள் பத்திரிகையில் வெளிவர வேண்டும். முதல் அறிவித்தலுக்கும் விசாரணைக்கும் இடையில் குறைந்தது 14 நாட்கள் இருக்க வேண்டும். நகர மண்டபத்திலும் அது ஒட்டப்படும். அதோடு நின்றுவிடாமல், எல்லை தொடும் காணிக்காரர், வீதிக்கு நேரெதிரே உள்ளவர், 300 அடிக்குள் அடுத்த எல்லையில் உள்ளவர் ஆகியோருக்குத் தபாலிலும் அறிவிக்க வேண்டும். அயலவரின் காணி வேறு நகரத்தின் எல்லைக்குள் இருந்தாலும் அவருக்கும் கடிதம் போகும்.

விசாரணை நாளில் நடப்பது

விண்ணப்பதாரர் முதலில் தம் பக்கத்தைச் சொல்வார். பின்னர் அயலவர்கள் ஆதரித்தோ ஆட்சேபித்தோ பேசலாம். ஆனால் இங்கே கை உயர்த்தி ஆட்களை எண்ணுவதில்லை. ஐம்பது பேர் "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்வதை விட, "அவ்விடத்தில் நிலம் தாழ்வு; மழைநீர் எங்கள் வளவுக்குள் வரும்" என்று ஒருவர் படத்தோடு காட்டுவது பெறுமதியானது.

ஏனெனில் விதிவிலக்கு வழங்கச் சபை பார்க்க வேண்டிய விடயங்களைச் சட்டமே சொல்கிறது. அந்தக் காணியின் மண், வடிவம், மேடு பள்ளம் போன்ற தனிப்பட்ட காரணத்தால் கஷ்டம் ஏற்பட்டிருக்க வேண்டும். பொதுநலனுக்குப் பெரும் பாதிப்பு வரக்கூடாது. விதியின் நோக்கமும் சிதையக்கூடாது. ஐவர் கொண்ட சபையில் நால்வரும், மூவர் கொண்ட சபையில் மூவரும் இணங்கினால் மட்டுமே விதிவிலக்குக் கிடைக்கும். ஒவ்வோர் உறுப்பினரும் எப்படி வாக்களித்தார் என்பதும் தீர்மானத்துக்கான காரணங்களும் எழுத்தில் பதியப்படும். தீர்மானம் நகர எழுதுநரிடம் கையளிக்கப்பட்டு 20 நாட்களுக்குள், அதனால் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் செல்லலாம்.

நாம் கற்க வேண்டியது

இவற்றைப் படித்து முடித்ததும் ஓர் உண்மை உறைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் விதிகளுக்கு உட்பட்டே கட்டியிருந்தால், மசாசூசெட்ஸிலும் இச்சபை கூடியிராது. விதிவிலக்குக் கேட்டால்தான் அயலவரிடம் கேட்பார்கள். எனவே விதி என்னவென்று முன்கூட்டியே தெரிந்திருப்பது அயலவரின் கடமை. நாங்கள் அதைச் செய்யவில்லை. கூரைக்குக் கொங்கிறீட் போட்ட பிறகுதான் கேள்வி கேட்கத் தொடங்கினோம்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் பொருந்தும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இன்னொரு வெற்றுக் காணி இருக்கிறது. அதில் களஞ்சியசாலை வரப்போவதாக ஊரில் கதை. இம்முறை நாங்கள் காத்திருக்கவில்லை. அந்த இடத்துக்குரிய கட்டட விதிகள் என்ன, விண்ணப்பம் ஏதும் கிடைத்துள்ளதா என்று கேட்டு நான் எழுதிய கடிதத்தில் வாப்பா கையொப்பமிட்டார். உம்மும்மா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சண்டைக்குப் போற மாதிரி எழுதாம, கேள்வியா எழுதியிருக்கிறாய். நல்லது மகள்" என்றார்.

கட்டுபவருக்கும் உரிமை உண்டு. பக்கத்தில் வாழ்பவருக்கும் உரிமை உண்டு. இரண்டையும் மதில் எழும்ப முன் ஒரே மேசையில் வைத்துப் பேச முடிந்தால், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழ வேண்டிய தேவை வராது.