ஆஸ்துமா தந்த மனச்சோர்வுக்கும் இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி: என் கணவர் கிரீன் கார்டு வாங்கிய பிறகு அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். சப்ளை பிரிவில் வேலை. ஆப்கானிஸ்தானில் பக்ராம் தளத்தில் இருந்தபோது, குப்பை எரிக்கும் குழிகளின் புகையில்தான் நாள் முழுக்க இருந்திருக்கிறார். வெளியே வந்தபின் ஆஸ்துமா வந்தது. அதற்கு வி.ஏ. (முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை) 60 சதவீத இயலாமை ரேட்டிங் கொடுத்திருக்கிறது. இரண்டு வருடமாக ஆளே மாறிவிட்டார். ராத்திரி மூச்சு முட்டி எழுந்தால் விடியும்வரை உட்கார்ந்தே இருக்கிறார். யாரிடமும் பேச்சில்லை, வேலைக்கு அடிக்கடி லீவு. குடும்ப டாக்டர் டிப்ரெஷன் என்று மாத்திரை எழுதியிருக்கிறார். மனநலத்துக்கும் விண்ணப்பிக்கலாம் என்றால், "நான் துப்பாக்கியே தூக்கினதில்லை, எனக்கு எப்படிக் கொடுப்பாங்க? இருக்கிற அறுபதும் போயிடும், ஆபீஸ்ல தெரிஞ்சா வேலையும் போயிடும்" என்கிறார். இதற்கிடையில் ஒரு நிறுவனம் போன் செய்து, பணம் கட்டினால் எல்லாவற்றையும் தாங்களே முடித்துத் தருவதாகச் சொல்கிறது. நாங்கள் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டெக்சாஸ்

பதில்: சகோதரி, உங்கள் கணவர் தாராளமாக விண்ணப்பிக்கலாம். போர்முனையில் நின்றவருக்குத்தான் மனநல இழப்பீடு என்று அவர் நினைப்பது பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) விண்ணப்பங்களைப் பற்றிக் கேள்விப்பட்டதால் வந்த எண்ணம். அங்கே பணிக்காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தைக் காட்ட வேண்டும். உங்கள் விஷயம் வேறு. வி.ஏ. ஏற்றுக்கொண்ட ஒரு நோய் இன்னொரு நோயை உண்டாக்கினாலோ, ஏற்கெனவே இருந்ததை மோசமாக்கினாலோ, அந்த இரண்டாவது நோயும் பணி சார்ந்ததே என்கிறது கூட்டாட்சி விதித்தொகுப்பின் 38-ஆம் தலைப்பு, 3.310-ஆம் பிரிவு. 2022 ஆகஸ்டில் வந்த பேக்ட் சட்டப்படி, பக்ராம் போன்ற இடங்களில் பணியாற்றியவருக்குப் பின்னாளில் வந்த ஆஸ்துமாவுக்குப் புகைதான் காரணம் என்று தனியாக நிரூபிக்கவே வேண்டியதில்லை. முதல் கண்ணி உங்கள் கையில் வந்துவிட்டது. மனச்சோர்வு பணிக்காலத்தில் தொடங்கியதாகக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. ஆஸ்துமாவையும் மனச்சோர்வையும் இணைக்கும் மருத்துவச் சான்று ஒன்றுதான் பாக்கி.

பல விண்ணப்பங்கள் தோற்பது அங்கேதான். "மனச்சோர்வு ஆஸ்துமாவால் வந்திருக்கலாம்" என்று டாக்டர் எழுதினால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை. "இருக்கலாம்" என்பது ஊகம். ஆஸ்துமா காரணமாக இருப்பதற்குக் குறைந்தது சரிபாதி வாய்ப்பு உண்டு என்று அவர் எழுத வேண்டும். ஏன் அப்படிச் சொல்கிறார் என்ற காரணமும், எந்த மருத்துவப் பதிவுகளைப் பார்த்தார் என்பதும் அதில் இருக்க வேண்டும். நூறு சதவீத உறுதியைச் சட்டம் கேட்கவில்லை. ஆதாரம் இரு பக்கமும் சமமாக நின்றால் முன்னாள் வீரர் பக்கமே தீர்ப்பு.

ஆஸ்துமா முற்றும்போது உங்கள் கணவர் பிரெட்னிசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறாரா? அது தூக்கத்தையும் மனநிலையையும் குலைக்கக்கூடியது. ஏற்றுக்கொண்ட நோய்க்குக் கொடுத்த மருந்தின் பக்கவிளைவும் இந்த விதிக்குள் வரும். மருந்துச்சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி டாக்டரிடம் கொடுங்கள். கணவருக்குத் திருமணத்துக்கு முன்பே பதற்றம் இருந்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். ஆஸ்துமா அதைக் கூட்டியிருந்தால், கூடிய அளவுக்கு இழப்பீடு உண்டு. ஆகவே "உண்டாக்கியது" என்பதோடு "மோசமாக்கியது" என்ற கேள்விக்கும் டாக்டர் பதில் எழுதட்டும்.

அடுத்த சான்று நீங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் மனைவிமார் தங்கள் வார்த்தைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். 21-10210 என்ற படிவம் உங்களுக்காகவே இருக்கிறது. "மிகவும் வேதனைப்படுகிறார்" என்று எழுதாதீர்கள். கண்ணால் கண்டதை எழுதுங்கள். ஏதாவது ஒரு விழாவுக்குக் கிளம்பியவர், கூட்டத்தில் மூச்சு முட்டிவிடுமோ என்ற பயத்தில் கார் நிறுத்துமிடத்திலிருந்தே திரும்பினாரா? படுக்கைக்கு அருகில் இன்ஹேலர் இருக்கிறதா என்று ராத்திரியில் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறாரா? முன்பு எப்படி இருந்தார், எப்போது மாறினார்? நோயின் பெயரை டாக்டர் சொல்லட்டும். நோய் வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பதை உங்களைவிட அறிந்தவர் யாருமில்லை.

முதல் வேலையாக 21-0966 படிவத்தை அனுப்புங்கள். விண்ணப்பிக்கப் போகிறேன் என்று அறிவிக்கும் படிவம் அது. ஒரு வருடத்துக்குள் முழு விண்ணப்பமான 21-526இஇசட் போய்ச் சேர்ந்தால், உரிமை உறுதியாகும்போது இந்த முதல் தேதியே கணக்கில் வரும். டாக்டர் கடிதத்துக்காகக் காத்திருந்து இதைத் தள்ளிப்போட்டால் மாதாமாதம் பணம் போகும். விண்ணப்பத்தில் நோயின் சரியான பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. "ஆஸ்துமாவின் விளைவாக வந்த மனநலப் பாதிப்பு" என்று எழுதினால், டிப்ரெஷனா பதற்றமா என்று பார்ப்பது வி.ஏ.வின் பொறுப்பு. 2009-இல் கிளெமன்ஸ் வழக்கில் நீதிமன்றம் சொன்னது இதுதான்.

பிறகு சி அண்ட் பி எனப்படும், இழப்பீட்டுக்கான மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பு வரும். தவறவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். "எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டதும் நம் ஆட்கள் "நல்லா இருக்கேன்" என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. அறிக்கையில் அது மருத்துவ உண்மையாகப் பதிவாகிவிடும். மோசமான நாள் எப்படி இருக்கும் என்பதை அவர் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். மிகைப்படுத்தவும் கூடாது.

சதவீதக் கணக்கில் ஒரு விவரம். அறுபதோடு ஐம்பது சேர்ந்தால் நூற்றுப்பத்து ஆகாது. அறுபது போக மீதியுள்ள நாற்பதில் பாதி சேர்ந்து எண்பது ஆகும். டிப்ரெஷன், பதற்றம் இரண்டும் இருந்தாலும் மனநலத்துக்கு ஒரே ரேட்டிங்தான். அவரால் வேலையைத் தொடரவே முடியாத நிலை வந்தால் 21-8940 படிவம் மூலம் நூறு சதவீத வீதத்தில் தொகை கேட்க வழி உண்டு.

அவருடைய பயங்களுக்கு வருகிறேன். மனநல விண்ணப்பம் போட்டதாலேயே ஆஸ்துமா ரேட்டிங் குறையாது. புதிய விண்ணப்பம் வரும்போது பழைய கோப்பை வி.ஏ. பார்க்கக்கூடும் என்பது உண்மை. ஆனால் வருகிற தொகையைக் குறைப்பதானால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, எதிர்ச்சான்று தர 60 நாள் அவகாசம் கொடுத்தாக வேண்டும். அவருடைய வி.ஏ. கோப்பை முதலாளிக்கு அனுப்புவதில்லை. பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் வேலையாக இருந்தாலும், மனநல ஆலோசனை பெற்றார் என்ற ஒரே காரணத்துக்காகப் பாதகமாக முடிவெடுக்கக் கூடாது என்று அதற்கான வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன.

அந்த நிறுவனத்துக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். புதிய நோய்க்கான முதல் விண்ணப்பத்தைத் தயாரித்துத் தர, வி.ஏ. அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞர்கூடக் கட்டணம் வாங்க விதி இடமளிப்பதில்லை. அதன் முதல் முடிவு வந்தபிறகே எங்களைப் போன்ற வழக்கறிஞர்கள் கட்டணத்துக்கு வேலை செய்யலாம். டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் வீரர் அமைப்புகளின் அலுவலர்களும், டெக்சாஸ் கவுண்டிகளில் இருக்கும் முன்னாள் வீரர் சேவை அலுவலர்களும் இலவசமாகச் செய்து தருவார்கள். அங்கீகாரம் உள்ளவரா என்பதை வி.ஏ. இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம்.

நிராகரிப்பு வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். ஒரு வருடத்துக்குள் புதுச் சான்றோடு மறுபடி கேட்கலாம், மூத்த அதிகாரியின் மறுபரிசீலனை கேட்கலாம், அல்லது மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். அந்த ஒரு வருடத்தைத் தவறவிடாமல் இருந்தால் ஆரம்பத் தேதியும் காப்பாற்றப்படும்.

இவை எல்லாவற்றுக்கும் முன், சிகிச்சை நிற்கக் கூடாது. வாழவே பிடிக்கவில்லை என்பதுபோல அவர் ஒரு வார்த்தை சொன்னால்கூட, எந்த நேரமானாலும் 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்துங்கள். முன்னாள் வீரர்களுக்கான நெருக்கடி உதவி எண் அது. குடும்பத்தாரும் அழைக்கலாம். 21-0966 படிவத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.