இழுபடும் துணி தண்ணீரைத் தடுக்குமா?

தண்ணீர் புகாத துணி இழுபடாது, இழுபடும் துணி தண்ணீரைத் தடுக்காது என்று துணி எடுக்கப் போகிற பலரும் நம்புகிறார்கள். ரெக்சினையும் விறைத்து நிற்கும் ரெயின்கோட்டையும் பார்த்தே பழகியதால் வந்த நம்பிக்கை இது. உண்மை அப்படியில்லை. துவைத்துப் பயன்படுத்தும் குழந்தை நாப்பியின் வெளித்துணியை இழுத்துப் பாருங்கள். பனியன் துணி போலக் கொஞ்சம் நீளும். திருப்பினால் உட்பக்கம் பளபளக்கும். அது பின்னல் துணியோடு ஒட்டிய பாலியூரித்தேன் படலம். பெரும்பாலும் 25 முதல் 50 மைக்ரான் தடிமன்தான். நீள்வதற்குப் பின்னல், நீரைத் தடுக்கப் படலம். பாலியூரித்தேன் தானும் ரப்பரைப் போல நீண்டு சுருங்குவதால் பின்னலோடு சேர்ந்தே அசைகிறது. கடையில் 'பி.யு.எல்.' என்று கேட்டால் கிடைக்கும். லெக்கிங்ஸ் அளவு இழுவையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

'நீச்சல் உடைத் துணி வாங்கித் தைத்தால் போதும்' என்பது அடுத்த தவறு. அந்தத் துணியை இழுபட வைக்கும், லைக்ரா என்று நாம் சொல்லும் ஸ்பான்டெக்ஸ் இழையை 1958-ல் டூபாண்ட் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கினார். அதுவும் பாலியூரித்தேன் வகைதான். ஆனால் நூலாகப் பின்னும்போது கண்ணிகளுக்கு நடுவே தண்ணீர் தாராளமாகப் போகும். நீச்சல் உடை சீக்கிரம் காயும், அவ்வளவே.

அதிகம் பேர் பணத்தை இழப்பது இன்னொரு நம்பிக்கையால்: துணிமேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் அது வாட்டர்ப்ரூஃப். உருள வைப்பது மேற்பூச்சு. துவைக்கத் துவைக்கத் தேய்ந்துபோகும். புதிதாக இருக்கும்போதே அழுத்தம் தாங்காது. நனைந்த ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்தால் உடல் எடையே தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். சோதனைக்கூடங்களில் துணிமேல் நீர் அழுத்தத்தை ஏற்றித்தான் பார்க்கிறார்கள். 10,000 மி.மீ. என்று போட்டிருந்தால் 10 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தைத் தாங்கும் என்று பொருள். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லையா? மாதிரித் துண்டை டம்ளர் வாயில் குழிவாக வைத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். குழியில் தண்ணீர் ஊற்றிக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துணியைக் கவனமாகக் கழற்றி, அடிப்பக்கத்தை டிஷ்யூ தாளால் ஒற்றினால் நனைகிறதா என்று தெரிந்துவிடும். துணியை இழுத்துக் கட்டி இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். குழந்தைக்கும் படுக்கையில் இருக்கும் முதியவருக்கும் வாங்கும்போது இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நல்ல துணி வாங்கிவிட்டாலும் தையல் கெடுத்துவிடலாம். ஊசி இறங்கும் ஒவ்வோர் இடமும் ஓட்டை. மழை உடையென்றால் தையல்மேல் உட்பக்கமாக டேப் ஒட்ட வேண்டும். அந்த டேப்பும் இழுபடும் வகையாக இல்லாவிட்டால் சீக்கிரமே பெயர்ந்து வரும். வெட்டும்போது குண்டூசி குத்தாமல் கிளிப் போட்டுப் பிடியுங்கள். பிரித்துத் தைத்தால் பழைய துளைகள் மூடாது என்பதை டெய்லரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.