விமானத்துக்கு ஏற்ற விசிறி



திருவிழாக் கடையில் பனையோலைக் காற்றாடி வாங்கி, காற்றுக்கு எதிரே ஓடாத குழந்தை நம் ஊர்ப்பக்கம் உண்டோ? காற்று மோதினால் காற்றாடி சுழலும். அதையே திருப்பி எண்ணிப் பாருங்கள். காற்றாடியை ஓர் எஞ்சினால் சுழற்றினால், அது காற்றைப் பின்னால் தள்ளும். காற்று அதை முன்னால் தள்ளும். இது நியூட்டனின் மூன்றாம் விதி. சிறு விமானத்தின் மூக்கில் சுழலும் புரொப்பெல்லர் என்னும் விசிறி இவ்வாறுதான் வேலை செய்கிறது.

விமானம் பெரிய தொழிற்சாலையில்தான் பிறக்க வேண்டும் என்பதில்லை. சென்னையில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ் என்பவர், தாமே திட்டமிட்ட விமானம் ஒன்றைச் சிம்சன் கம்பெனியாரைக் கொண்டு செய்வித்து, 1910ஆம் ஆண்டு மார்ச் மாதம் பல்லாவரத்தில் பறந்தார். இந்திய மண்ணிலிருந்து எழும்பிய முதல் விமானங்களுள் அதுவும் ஒன்று. இன்றும் பல நாடுகளில் ஆர்வலர்கள் தம் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு விமானம் கட்டுகின்றனர். எஞ்சினை விலைக்கு வாங்கிவிடலாம். அதற்கு எந்த விசிறியைப் பூட்டுவது என்பதே கடினமான கேள்வி. "பெரிதாக இருந்தால் நல்லது, வேகமாகச் சுற்றினால் இன்னும் நல்லது" என்று நமக்குத் தோன்றும். உண்மை அதுவன்று.

முதலில் விட்டத்தைப் பார்ப்போம். நீளமான விசிறி மெதுவாகச் சுழன்று நிறையக் காற்றைத் தள்ளும்போது எஞ்சினின் சக்தி வீணாவது குறைவு. ஆனால் அதன் நுனி தரையில் இடிக்கக் கூடாது. அதைவிட முக்கியம், நுனி ஒலியின் வேகத்தை நெருங்கக் கூடாது. நெருங்கினால் இரைச்சல் பெருகும். தள்ளும் சக்தி குறையும்.

இதை நாமே கணக்கிடலாம். சிறு விமானங்களில் பயன்படும் ராட்டாக்ஸ் 914 எஞ்சின் நிமிடத்துக்கு 5,800 சுற்று வரை சுழலும். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 97 சுற்று. விசிறியின் விட்டம் 1.7 மீட்டர் என்று கொண்டால், அதன் சுற்றளவு 3.14 × 1.7 = 5.34 மீட்டர். எஞ்சினோடு நேராகப் பூட்டினால் நுனியின் வேகம் நொடிக்கு 500 மீட்டரையும் தாண்டிவிடும். ஒலியின் வேகமோ ஏறத்தாழ 340 மீட்டர்தான்! ஆகையால் அந்த எஞ்சினில் 2.43 சுற்றை ஒரு சுற்றாகக் குறைக்கும் பற்சக்கரம் உண்டு. விசிறி நொடிக்குச் சுமார் 40 சுற்றே சுற்றும். நுனியின் வேகம் 214 மீட்டராகக் குறையும்.

அடுத்தது புரியிடைத் தூரம். திருகு அளவியில் இச்சொல்லைப் படித்திருக்கிறோம். திருகு ஒரு சுற்றுச் சுற்றினால் எவ்வளவு முன்னேறுமோ, அதுவே இது. விசிறியும் காற்றில் ஏறும் திருகுதான். இதழின் சாய்வு கூடினால் இத்தூரமும் கூடும். 1.2 மீட்டர் தூரமுள்ள விசிறி நொடிக்கு 40 முறை சுற்றினால், கணக்குப்படி நொடிக்கு 48 மீட்டர், அதாவது மணிக்கு 173 கிலோமீட்டர் செல்ல வேண்டும். காற்று மரக்கட்டை அன்று, நழுவும். ஆதலால் உண்மை வேகம் பெரும்பாலும் இதற்குக் குறைவாகவே இருக்கும்.

கியர் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். மேடேறும்போது சிறிய கியர், சமதளத்தில் பெரிய கியர். அதுபோலக் குறுகிய திடலிலிருந்து சட்டென்று மேலெழச் சிறிய சாய்வு வேண்டும். தொலைதூரம் விரைந்து செல்லப் பெரிய சாய்வு வேண்டும். பெங்களூர் தேசிய விமானவியல் ஆய்வகம் உருவாக்கி, 2000ஆம் ஆண்டில் சான்றிதழ் பெற்ற ஹன்சா-3 என்னும் இருவர் விமானத்தில், பறக்கும்போதே சாய்வு மாறும் விசிறி உண்டு. அது விலை மிகுந்தது. மாறாத விசிறியைப் பூட்டுவோர் தம் தேவை எது என்று முன்பே தீர்மானிக்க வேண்டும்.

இரண்டு இதழ் விசிறி எடை குறைந்தது, செய்ய எளியது. விட்டத்தைக் கூட்ட இடமில்லாதபோது மூன்று இதழ் உதவும். மரம், அலுமினியம், கார்பன் இழை ஆகியவற்றால் விசிறி செய்கின்றனர். மரம் எஞ்சினின் அதிர்வை நன்றாகத் தாங்கும். ஆனால் மழையில் உப்பி வெயிலில் சுருங்குவதால் அதன் போல்ட்டுகளை அடிக்கடி சோதிக்க வேண்டும். எதனால் செய்தாலும் இதழ்களின் எடை சமமாக இருக்க வேண்டும்.

பூட்டியபின் விமானத்தை உறுதியாகக் கட்டிவைத்து, எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். சுற்று அளவுக்கு மிஞ்சினால் சாய்வு போதாது. எஞ்சின் திணறி, வேண்டிய சுற்றை எட்டாவிட்டால் சாய்வு அதிகம். சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரியாது என்பதால் அப்போது யாரும் அருகே செல்லலாகாது.

இத்தனை கவனம் எதற்கு? 1903இல் முதன்முதல் பறந்த ரைட் சகோதரர்கள், விசிறியும் சுழலும் ஓர் இறக்கையே என்று கண்டு, 12 குதிரைத் திறன் எஞ்சினுக்கேற்ற விசிறிகளைத் தாமே செதுக்கியவர்கள். 1908 செப்டம்பர் 17 அன்று ஆர்வில் ரைட் முன்னிலும் நீளமான புது விசிறிகளைப் பூட்டிப் பறந்தார். ஓர் இதழ் பிளந்தது. அதிர்ந்த விசிறி வால்பகுதிக் கம்பியில் பட, விமானம் விழுந்தது. ஆர்வில் பலத்த காயமடைந்தார். உடன் சென்ற லெப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் உயிரிழந்தார். எஞ்சின் விமான விபத்தில் மாண்ட முதல் மனிதர் அவரே. கற்றறிந்த மேதைக்கே ஒரு மரத்துண்டின் பிளவு இவ்வளவு பெரிய துயரத்தைத் தந்தது.

ஆகவே தோழிகளே, சிறந்த விசிறி என்று தனியாக ஒன்றில்லை. பொருத்தமான விசிறியே சிறந்தது. 1920இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட், லொரேத்தோ அன்னையை விமானப் பயணிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். வானில் செல்வோருக்காக அன்னையை வேண்டுவோம். நாளை நம்மில் ஒருத்தி விமானம் கட்டினால், செபமாலையோடு அளவுகோலையும் கையில் எடுக்கட்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவி, ஏம்பலம்