கம்பத்துல பெட்டி மாத்த யார்கிட்ட கேக்கணும்?

பரவை மெயின் ரோட்டில் ஒரு தெருவிளக்குக் கம்பம். அதில் ஏற்கெனவே ஒரு 4ஜி ஸ்மால் செல் பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கழற்றிவிட்டு 5ஜி பெட்டி மாட்டணும். யாரிடம் கேட்பீங்க? பேரூராட்சியா, மின்வாரியமா, கலெக்டரா? நம்ம சிலபஸில் ஆன்டெனா கெயின் வரும், இது வராது.

அலைவரிசை ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது, கம்பம் உள்ளூர்க்காரர் கையில். குழப்பமே இங்கேதான். 2016-ல் வந்த வழியுரிமை விதிகள் பெரிய டவரையும் கேபிளையும் மனசில் வைத்து எழுதப்பட்டவை. 5ஜி வரும் நேரத்தில், 2022 ஆகஸ்டில், அதைத் திருத்தி ஸ்மால் செல்லைத் தனியாகச் சேர்த்தார்கள். தெருக்கம்பத்தில் பெட்டி மாட்ட ஆண்டுக்கு நகர்ப்புறத்தில் 300 ரூபாய், கிராமத்தில் 150 ரூபாய். (அமெரிக்காவில் 2018-ல் எஃப்.சி.சி. ஆண்டுக்கு 270 டாலர் வரை நியாயம் என்றது. நம்ம ஊர் கம்பம் ரொம்ப சல்லிசு!) தனியார் மாடியில் வைப்பதற்கு அரசு அனுமதியே வேண்டாம், முன்கூட்டி எழுதித் தெரிவித்தால் போதும் என்றார்கள். ஆனால் கட்டடம் தாங்கும் என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சான்று தரணும்.

இப்போது நடப்பில் இருப்பது 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வந்த 2024 விதிகள். 2025 ஜனவரி 1-லிருந்து அமல். விண்ணப்பத்துக்கு 67 நாளில் பதில் வரலைன்னா அனுமதி கிடைத்ததாகவே கணக்கு.

தெருக்காரங்க முதலில் கேட்பது கதிர்வீச்சு பற்றித்தான். 2012 செப்டம்பர் 1 முதல் நம் நாட்டு வரம்பு, ஐசிஎன்ஐஆர்பி என்ற சர்வதேசக் குழு சொன்னதில் பத்தில் ஒரு பங்கு. 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட். இதைப் பொறுமையா சொன்னா கேட்பாங்க.

எனக்கு இதைவிடக் கவலை வேறு. ஸ்மால் செல் என்றால் என்ன? 2022 திருத்தம் அதைத் தூரத்தால் அளக்கிறது: 10 மீட்டர் முதல் 2 கிலோமீட்டர் வரை எட்டும் குறைந்த சக்திக் கருவி. அமெரிக்க விதி கொள்ளளவால் அளக்கிறது: ஒரு ஆன்டெனா 3 கன அடிக்குள் இருக்கணும். நம்ம வரையறைப்படி, பெட்டி எவ்வளவு பெருசானாலும் எட்டும் தூரம் மாறாதவரை அது ஸ்மால் செல்தான். கம்பத்துக்கு அப்படி இல்லையே!

கணக்குப் போட்டுப் பாருங்க. ஐ.எஸ். 875 பகுதி 3-ன்படி மதுரைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். திருத்தக் காரணிகளை விட்டுவிட்டால், அழுத்தம் 0.6 × 39² = சதுர மீட்டருக்குச் சுமார் 913 நியூட்டன். பழைய பெட்டியின் முகப்பு 0.1 சதுர மீட்டர் என்றால் விசை 91 நியூட்டன். 6 மீட்டர் உயரத்தில் கம்பத்தின் அடியில் சுமார் 550 நியூட்டன் மீட்டர். புதுப் பெட்டி 0.25 சதுர மீட்டர் என்றால் அது சுமார் 1,370. ரெண்டரை மடங்கு. எடை, மின் இணைப்பு, எர்த்திங் எல்லாம் தனி.

அதனால் ஃபைலில் பழைய சான்றின் நகலை வைத்து "அதே கம்பம்தானே சார்" என்று யாராவது நீட்டினால், முகப்புப் பரப்பு எவ்வளவுன்னு கேளுங்க. இன்னும் சில வருஷத்தில் அந்தச் சான்றில் கையெழுத்துப் போடப்போறது நம்ம சிவில் டிபார்ட்மென்ட் ஃப்ரெண்டுதான்.